ஆறு ஓட்டை ஒத்தால் மட்டும் போதுமா?



இன்று தோட்டப்புறத்தில் பிக்-அப் வண்டி இல்லாமல் எந்த வேலையும் நகர்வதில்லை. செம்பனைக் குலை ஏற்றுகிற கொந்தராக்டருக்கும் அதுதான் கைகால். உரமூட்டை, மருந்துத் தண்ணீர்த் தொட்டி, புல் வெட்டும் மெஷின் எல்லாவற்றுக்கும் அதுதான் வாகனம். தோட்டம் துண்டாடப்பட்டு வெளியே வந்த நம் குடும்பங்களில் பலரும் ஒரு பழைய ஹைலக்ஸையோ டிரைட்டனையோ வாங்கித்தான் சொந்தக் காலில் நிற்கப் பார்க்கிறார்கள். ஈ.பி.எஃப். பணம், கூட்டுப்பணம், வீட்டுக்காரியின் கழுத்து நகை என்று ஒரு குடும்பத்தின் முழுச் சேமிப்பும் அந்த வண்டிமேல் கிடக்கிறது.

அந்த வண்டிக்குச் செம்மண் ரோட்டில் முதலில் அடிபடுவது ரிம். குழியில் விழுந்து நெளியும். கல்லில் அடித்து வெடிப்பு விடும். கம்பெனியில் புது ரிம் கேட்டால் விலை தலையைச் சுற்றுகிறது. ஆகவே, பழைய வண்டிகளை வெட்டி விற்கிற ‘பொத்தோங்’ கடைக்கும் டயர் கடைக்கும் போய், கழற்றிப் போட்ட ஒரிஜினல் ரிம் தேடுகிறோம்.

அது தப்பான காரியமில்லை. நல்ல யோசனை என்றே சொல்வேன். புது வண்டி வாங்கிய கையோடு அழகு ரிம் மாட்டிக்கொண்டு, கம்பெனி ரிம்மைக் கழற்றி விற்கிறவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். வண்டியின் பாரத்தைக் கணக்குப் போட்டு, அதற்கென்றே வார்த்த ரிம் அது. பெயர் தெரியாத புது ரிம்மைவிட, அடிபடாத பழைய கம்பெனி ரிம் எவ்வளவோ மேல்.

வாங்குகிற முறையில்தான் நம்மவர்கள் சறுக்கி விடுகிறோம். “ஆறு ஓட்டைதானே தம்பி, உன் வண்டிக்கும் ஆறு ஓட்டைதானே, போடலாம்!” என்பார் கடைக்காரர். நாமும் நம்பிப் பணத்தை நீட்டிவிடுகிறோம். வண்டியில் ஏறுவது வேறு, வண்டிக்குப் பொருந்துவது வேறு. இந்த வித்தியாசத்தை நம் மக்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் இன்று இவ்வளவும் எழுதுகிறேன்.

எண்ணினால் போதாது, அளக்க வேண்டும்

போல்ட் ஓட்டைகள் வட்டமாக அமைந்திருக்கின்றன. ஓட்டைகளின் நடுப்புள்ளி வழியாக ஒரு வட்டம் போட்டால், அந்த வட்டத்தின் குறுக்களவுதான் முக்கியம். மெக்கானிக்குகள் அதைப் பி.சி.டி. என்பார்கள்.

ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன், டி-மேக்ஸ் ஆகியவற்றின் நாலு சக்கர டிரைவ் வண்டிகளுக்கு ஆறு ஓட்டை, 139.7 மில்லிமீட்டர். நிசான் நவாராவுக்கும் ஆறு ஓட்டைதான், ஆனால் 114.3 மில்லிமீட்டர். சரியாக ஓர் அங்குலம் குறைவு. எண்ணிப் பார்த்தால் இரண்டும் ஒன்று, மாட்டிப் பார்த்தால் ஏறாது. ஹைலக்ஸிலேயே இரு சக்கர டிரைவ் வண்டிகள் சிலவற்றுக்கு ஐந்து ஓட்டைதான். ஆகவே ‘ஹைலக்ஸ் ரிம்’ என்று பெயரை மட்டும் கேட்டு வாங்குவதும் ஆபத்து.

இதைவிடப் பெரிய பாடம் அமெரிக்காவின் கனரகப் பிக்-அப்களில் இருக்கிறது. செவர்லேயின் 2500 ரகத்துக்கு 2010 மாதிரி வரை எட்டு ஓட்டை, 165.1 மில்லிமீட்டர். 2011 மாதிரியிலிருந்து எட்டு ஓட்டைதான், ஆனால் 180. ஃபோர்டு கம்பெனி 1999 மாதிரியிலிருந்து தன் கனரகப் பிக்-அப்களுக்கு எட்டு ஓட்டை, 170 என்று ஆக்கியது. 165-க்கும் 170-க்கும் ஐந்து மில்லிமீட்டர்தான் வித்தியாசம், கண்ணுக்கே தெரியாது. பெயரும் ஒன்று, கம்பெனியும் ஒன்று, ஓட்டையும் எட்டு என்று வாங்கினவன் கதி என்ன? வண்டி எந்த வருஷத்து மாதிரி என்பதும் தெரிந்திருக்க வேண்டும்.

அளப்பது கஷ்டமில்லை. ஆறு ஓட்டையோ எட்டு ஓட்டையோ இருந்தால், நேர் எதிராக இருக்கும் இரண்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றின் வெளி விளிம்பிலிருந்து எதிர் ஓட்டையின் உள் விளிம்பு வரை அளந்தால் அதுதான் பி.சி.டி. ஐந்து ஓட்டைக்கு நேர் எதிர் ஓட்டை கிடையாது. பக்கத்துப் பக்கத்து ஓட்டை இரண்டின் நடுவுக்கு நடு அளந்து 1.7-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய சரியாக வரும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த கணக்குதான்.

சிலர் ஓட்டை ஒத்துவராவிட்டால் அரம் போட்டு நீட்டி மாட்டித் தருகிறார்கள். அந்தக் கடைப் பக்கமே தலை வைத்துப் படுக்காதீர்கள்! ஓட்டை நீண்டுவிட்டால் நட் உட்காரும் இடமே போய்விட்டது. நட் உட்காராத சக்கரம் எத்தனை நாள் நிற்கும்?

நடு ஓட்டையும் பேசும்

அச்சு முனையில் துருத்திக்கொண்டு நிற்கும் வட்டப் பகுதியை ‘ஹப்’ என்கிறோம். ரிம்மின் நடு ஓட்டை அதன்மேல் உட்கார வேண்டும். 2005-க்குப் பிறகு வந்த நாலு சக்கர ஹைலக்ஸுக்கு நடு ஓட்டை சுமார் 106 மில்லிமீட்டர். 2011-இல் வந்த ரேஞ்சருக்குச் சுமார் 93. பழைய டிரைட்டனுக்கு 67. போல்ட் கணக்கு மூன்றுக்கும் ஒன்றுதான் என்பதை நினைவில் வையுங்கள்.

டிரைட்டன் ரிம்மைக் கொண்டுபோய் ஹைலக்ஸில் மாட்டப் பார்த்தால் ஹப் உள்ளே நுழையாது. “கடைசலில் கொடுத்துக் குடைந்து தருகிறேன்” என்பார் ஒருவர். வேண்டாம். போல்ட் ஓட்டைக்கும் நடு ஓட்டைக்கும் இடையில் இருக்கிற உலோகத்தை நம்பித்தான் அந்த ரிம்மைச் செய்தார்கள். அதைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே பாரத்தை ஏற்றச் சொன்னால் எப்படித் தாங்கும்?

மாறாக, நடு ஓட்டை பெரிசாக இருந்தால் ரிம் சுலபமாக ஏறிவிடும். நாம் ஏமாறுகிற இடமே அதுதான். ஹப்மேல் பிடிப்பில்லாத சக்கரத்தை நட்டுகள் மட்டுமே நடுவில் நிறுத்த வேண்டும். ஒரு மயிரிழை தள்ளி இறுகிவிட்டாலும் பெரிய ரோட்டில் வேகமாகப் போகும்போது ஸ்டியரிங் உதறும். “பேலன்சிங் செய்தும் உதறுதே!” என்று டிரைவர் புலம்புவதற்கு இதுவும் ஒரு காரணம். இடைவெளிக்குச் சரியான வளையம் போட்டு நடுவில் நிறுத்தலாம். ஆனால் அளந்து போட வேண்டும்.

உள்ளே போகிறதா, வெளியே நீட்டுகிறதா?

ரிம்மைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள். உலோகத்தில் எண்கள் அடித்திருக்கும். முதல் எண் குறுக்களவு, அடுத்தது அகலம், இரண்டும் அங்குலத்தில். பிறகு ‘ஈ.டி.’ என்ற இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது வண்டியோடு ஒட்டும் முகம் எத்தனை மில்லிமீட்டர் தள்ளியிருக்கிறது என்பதுதான் அந்த எண். எண் கூடினால் சக்கரம் வண்டிக்குள் போகும். எண் குறைந்தால் வெளியே நீட்டும்.

ஒரு கணக்குப் பார்ப்போம். ஹைலக்ஸின் 17 அங்குல ரிம்மில் அகலம் 7½, ஈ.டி. 30. ரேஞ்சரின் 17 அங்குல ரிம்மில் அகலம் 8, ஈ.டி. 55. ஹைலக்ஸ் ரிம்மை ரேஞ்சரில் மாட்டினால் என்ன ஆகும்? ஆறு போல்ட்டும் நுழையும். நட்டும் ஏறும். கடைக்காரர் முதுகில் தட்டி, “பார்த்தியா, சொன்னேனே!” என்பார். ஆனால் ஹப்பைச் சுற்றி ஆறு மில்லிமீட்டருக்கு மேல் வெற்றிடம். சக்கரமோ 25 மில்லிமீட்டர், அதாவது ஓர் அங்குலம், வெளியே தள்ளி நிற்கிறது. அந்த ஓர் அங்குலம் பாரத்தை வண்டியின் பேரிங்குக்குத் தூரமாகக் கொண்டுபோகிறது. தண்ணீர் வாளியை உடம்போடு ஒட்டித் தூக்குவதற்கும் கையை நீட்டித் தூக்குவதற்கும் உள்ள வித்தியாசந்தான். குலை ஏற்றிக்கொண்டு குழியில் இறங்கும்போதெல்லாம் பேரிங் கூடுதலாக அடி வாங்கும், ஸ்டியரிங் கையைப் பிடுங்கும், டயர் மட்கார்டில் உரசும்.

எதிர்ப்பக்கமும் ஆபத்து உண்டு. சக்கரம் அதிகமாக உள்ளே போனால் ஸ்டியரிங் திருப்பும்போது ஆயுதண்டில் இடிக்கும். பிரேக் குழாயில் உராயும். பிரேக் குழாய் தேய்ந்து ஓட்டையானால் மலைத்தோட்டத்து இறக்கத்தில் என்ன நடக்கும் என்பதை நான் எழுத வேண்டியதில்லை.

இன்னொன்று. 15 அங்குல இரும்பு ரிம் மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள். முன் பிரேக் பெரிசாக உள்ள வண்டியில் அது பிரேக்கைத் தாண்டியே ஏறாது.

நட்டு சின்னது, காரியம் பெரிசு

ரிம் மாற்றும்போது நட்டை யாரும் கவனிப்பதில்லை. நட்டின் அடிப்பாகம் கூம்பாக இருக்கலாம், உருண்டையாக இருக்கலாம், வாஷர் வைத்துத் தட்டையாக இருக்கலாம். ரிம்மின் ஓட்டை எந்த வடிவமோ நட்டும் அதே வடிவமாக இருக்க வேண்டும். டொயோட்டாவின் அலுமினிய ரிம்கள் பலவற்றுக்குத் தட்டை வாஷர் நட்; இரும்பு ரிம்முக்குக் கூம்பு நட். மாற்றிப் போட்டால் இறுகிவிட்டது போலவே தெரியும். நூறு கிலோமீட்டர் ஓடியதும் தளர்ந்துவிடும்.

மரையும் முக்கியம். ஹைலக்ஸ், ரேஞ்சர், டிரைட்டன் நட்டுகள் 12 மில்லிமீட்டர், மரை இடைவெளி 1.5. நவாராவுக்கு அதே 12, மரை 1.25. ஒன்றை மற்றதில் ஸ்பேனர் போட்டு முறுக்கினால் மரை அழிந்துபோகும். எந்த நட்டையும் முதலில் விரலால் திருகுங்கள். விரலுக்கு வராத நட்டை இரும்பால் மிரட்டக் கூடாது. 1.5 மரையில் குறைந்தது எட்டுச் சுற்று உள்ளே போயிருக்க வேண்டும். நாலு சுற்றில் நின்றுவிட்டால் அந்த ரிம் வேண்டாம்.

அலுமினிய ரிம் வாங்கி, உபரிச் சக்கரம் மட்டும் பழைய இரும்பு ரிம்மாக இருந்தால், அதற்குரிய நட்டுகளையும் ஒரு டப்பாவில் போட்டு வண்டியிலேயே வைத்திருங்கள். நடு ராத்திரி, காட்டு ரோட்டில் பஞ்சராகும்போது நட் ஒத்துவரவில்லை என்று கண்டுபிடிப்பதில் என்ன பயன்?

பாரம் தாங்குமா?

நாம் ஓட்டுவது கோயிலுக்குப் போகிற கார் இல்லை. பின்னால் ஒரு டன் ஏற்றுகிற வண்டி. ரிம்மின் பின்புறம் அதிகபட்ச பாரம் இத்தனை கிலோ என்று அடித்திருந்தால் படித்துப் பாருங்கள். ஜப்பானிய முறையில் சோதித்த ரிம்மாக இருந்தால் கார் ரிம்முக்கு ‘ஜே.டபிள்யூ.எல்.’ என்றும், பார வண்டி ரிம்முக்கு அதன் பின்னால் ‘டி’ சேர்த்தும் முத்திரை இருக்கும்.

ரிம்மோடு டயரும் வந்தால் டயரின் பக்கவாட்டைப் படியுங்கள். 265/65 ஆர் 17 என்று அளவு போட்டு, பக்கத்தில் 112 என்று ஓர் எண் இருக்கும். அது பாரக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும். 104 என்றால் 900 கிலோதான். பின் அச்சில் 1,900 கிலோ வருகிறது என்று வையுங்கள். 104 போட்ட இரண்டு டயரும் சேர்ந்து 1,800தான் தாங்கும். நூறு கிலோ அந்தரத்தில் தொங்குகிறது! அந்த அந்தரம் ஒருநாள் வெடிக்கும்.

அதே பக்கவாட்டில் நாலு இலக்கம் ஒன்று இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம் செய்தது என்று பொருள். பூ நன்றாக இருக்கிறதே என்று மயங்காதீர்கள். ரப்பரைப் பற்றி நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டுமா? பால் எடுத்த கை நம்முடையது. வெயிலில் கிடந்த ரப்பர் என்ன ஆகும் என்று நமக்குத் தெரியும்.

நாலு சக்கர டிரைவ் வண்டியில் நாலு டயரும் ஒரே உயரமாக இருக்க வேண்டும். முன்னால் ஓர் அளவு, பின்னால் ஓர் அளவு போட்டு நாலு சக்கரத்தையும் பூட்டி ஓட்டினால் கியர்ப்பெட்டி ஒன்றோடொன்று மல்லுக்கட்டி உடையும். ரிம்மில் மிச்சம் பிடித்த பணம் கியரில் போய்விடும்.

பணம் கொடுக்கு முன்னே

ரிம்மைக் கழுவச் சொல்லிப் பாருங்கள். சேற்றுக்கடியில்தான் வெடிப்பு ஒளிந்திருக்கும். ஓட்டைகள் நீண்டிருக்கிறதா, உள் விளிம்பில் வெல்டிங் வடு இருக்கிறதா என்று விரலால் தடவுங்கள். பேலன்சிங் மெஷினில் சுற்றவிட்டால் நெளிவு தெரிந்துவிடும். வெல்டிங் வைத்த ரிம்மைச் சும்மா கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

பிறகு ஒரு முன் சக்கரத்தில் மாட்டிப் பாருங்கள். ஜாக்கியை மட்டும் நம்பாமல் அடியில் தாங்கு கட்டை வைத்த பிறகே மாட்டுங்கள். நட் போடாமல் ரிம்மை அழுத்தினால் ஹப் முகத்தோடு முழுசாக ஒட்ட வேண்டும். நட்டை இறுக்கிக் கையால் சுற்றுங்கள். ஸ்டியரிங்கை இடக்கோடி, வலக்கோடி வரை திருப்பிச் சுற்றுங்கள். எங்கேயும் இடிக்கக் கூடாது. பின் சக்கரத்திலும் இதே சோதனை. ஒட்டும் முகத்தில் துரு, பெயிண்ட் இருந்தால் சுரண்டிவிட்டே மாட்ட வேண்டும். நட்டுகளை வட்டமாக வரிசையில் இறுக்காமல் எதிரெதிராக இறுக்குங்கள். வண்டிப் புத்தகத்தில் சொன்ன இறுக்கத்துக்கு டார்க் ரெஞ்சு போடச் சொல்லுங்கள். ஐம்பது, நூறு கிலோமீட்டர் ஓடியபின் மறுபடி ஒருமுறை பாருங்கள்.

ரசீதில் “பொருந்தாவிட்டால் திரும்ப எடுத்துக்கொள்ளப்படும்” என்று எழுதி வாங்குங்கள். எழுத மறுக்கிறவரிடம் வாங்க மறுப்பது நம் உரிமை.

சவாரி செய்கிறவர்களும் கேட்க வேண்டும்

இவ்வளவும் சொந்த வண்டிக்காரருக்கு மட்டும் சொன்னதல்ல. விடியற்காலைப் பிரட்டு முடிந்து கொந்தராக்டரின் வண்டியில் ஏறுகிற நம் அண்ணன் தம்பிகளுக்கும் அக்கா தங்கைகளுக்கும் சேர்த்துத்தான். எங்கிருந்தோ கழற்றிய ரிம்மை எப்படியோ மாட்டிச் சில நூறு வெள்ளி மிச்சம் பிடிப்பவர் கொந்தராக்டர். சக்கரம் கழன்றால் உருளுவது யார்? மிச்சம் அவருக்கு, ஆபத்து நமக்கு என்பது எந்த ஊர் நியாயம்?

“நமக்கேன் வம்பு” என்று வாயை மூடிக்கொண்டிருந்த காலம் போதும். 1994-ஆம் ஆண்டின் தொழில் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-இல் திருத்தப்பட்டு, அந்தத் திருத்தம் 2024 ஜூன் 1 முதல் நடப்பில் இருக்கிறது. உடனடி ஆபத்து இருக்கிறது என்று நம்ப நியாயமான காரணம் இருந்து, முதலாளிக்கும் தெரிவித்து, அவர் அதை நீக்க ஒன்றும் செய்யாவிட்டால், தொழிலாளி அந்த ஆபத்திலிருந்தும் வேலையிலிருந்தும் விலகி நிற்கலாம். அதற்காக அவரைப் பழிவாங்கக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. நட் ஆடுகிற சக்கரத்தைக் கண்ணால் பார்த்தால், மண்டோரிடம் சொல்லுங்கள். இரண்டு பேர் சாட்சியாக நின்று சொல்லுங்கள். சண்டை வேண்டாம். கேள்வி வேண்டும்.

படித்த பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. ஒரு துண்டுத் தாளில் உங்கள் அப்பா வண்டியின் ஆறு விவரங்களை எழுதுங்கள்: ஓட்டை எண்ணிக்கையும் பி.சி.டி.யும், நடு ஓட்டை, ரிம் அளவு, ஈ.டி. எண், நட்டின் வகையும் மரையும், டயரின் பாரக் குறியீடு. அதை வண்டிக் கிராண்டோடு மடித்து வையுங்கள். அடுத்த முறை கடைக்குப் போகும்போது, “போடலாம் தம்பி” என்று கடைக்காரர் சொன்னால், அப்பா அந்தத் தாளை எடுத்து நீட்டட்டும். அளந்து வாங்குகிறவனை யாராலும் அவ்வளவு சுலபத்தில் ஏமாற்ற முடியாது!